அந்தச் சிலந்தி இந்த நாட்டுக்குப் புதிதா?

வாசகர் கேள்வி – பதில்

சிலந்திகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரு நாட்டில் இதுவரை அறியப்படாத அரிய சிற்றினத்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: நான் விலங்கியல் முதுகலை மாணவன். மரப்பட்டையில் கண்ட ஒரு சிலந்தியைப் பல கோணங்களில் படம் எடுத்திருக்கிறேன். அண்டை நாட்டில் மட்டுமே வாழ்வதாகச் சொல்லப்படும் ஓர் அரிய சிற்றினத்தோடு அது அச்சு அசலாகப் பொருந்துகிறது. எங்கள் நாட்டின் முதல் பதிவு என்று இதை அறிவித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அறிவிக்க வேண்டாம். கைவிடவும் வேண்டாம். உங்களிடம் இருப்பது நல்ல தடயம். அது பதிவாக மாற வேண்டுமானால், உங்களை அறியாத ஒருவர் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நீங்கள் சொன்னது சரிதானா என்று தாமே பார்த்துத் தெளிவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். யார் முதலில் கண்டார் என்பதைவிட, கண்டது எதுவென்று பிறர் சோதித்தறிய முடியுமா என்பதே இந்தத் துறையில் எடைபோடப்படுகிறது.

சிலந்திகளின் நிறமும் உடல் வடிவமும் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். ஒரே சிற்றினத்தில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு தோற்றத்தில் இருப்பதுண்டு. இளமையில் இருந்த கோலம் முதிர்ந்த பின் மாறிவிடுவதும் உண்டு. மறுபுறம், நெருங்கிய உறவுடைய இரு சிற்றினங்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பெரும்பாலான குடும்பங்களில் இறுதி முடிவு இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. முதிர்ந்த ஆணுக்கு முகத்தருகே குட்டைக் கைகள் போல நீண்டிருக்கும் பெடிபால்ப்பின் நுனியில் சிக்கலான அமைப்புடைய ஒரு குமிழ் இருக்கும். முதிர்ந்த பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கத்தில் எபிகைன் எனப்படும் கடினமான சிறு தகடு இருக்கும். ஆணின் இடது பெடிபால்ப்பை வரைவதே நெடுநாள் வழக்கம். எல்லோரும் ஒரே பக்கத்தை வரைந்தால்தான் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியும். எபிகைனைப் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சற்று நேரம் வைத்தால் சதை கரைந்து, உள்ளே இருக்கும் நாளங்களும் விந்துப் பைகளும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். இந்த அளவு நுட்பத்தை ஒரு கைபேசிப் படத்தில் எதிர்பார்க்க முடியாது.

டோலோமீடிஸ் பிளாண்டேரியஸ் என்ற நீர்நிலைச் சிலந்தியை எண்ணிப் பாருங்கள். பிரிட்டனில் அது வாழ்கிறது என்பதே 1956ஆம் ஆண்டில்தான் தெரிய வந்தது. கிழக்கு இங்கிலாந்தின் ரெட்கிரேவ் – லோபம் சதுப்பு நிலத்தில் எரிக் டஃபி அதைக் கண்டறிந்தார். அதன் உறவினமான ஃபிம்பிரியேட்டஸ் அந்த நாட்டுக்கு முன்பே அறிமுகமான சிலந்தி. இரண்டுக்கும் பழுப்பு உடல், இரு ஓரங்களிலும் வெளிர்நிறப் பட்டை; இரண்டும் தண்ணீரின் மேல் முன்னங்கால்களை ஊன்றி அதிர்வைக் கேட்டு இரைக்காகக் காத்திருப்பவை. இளம் பருவத்தில் எவராலும் அவற்றை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. பழக்கமான சிலந்திதான் என்று எண்ணிக் கடந்துபோயிருந்தால் அந்த அரிய சிற்றினம் இன்னும் பல ஆண்டுகள் மறைந்தே இருந்திருக்கும். அடுத்த வாழிடம் 1988இல் பெவன்ஸி சமவெளியிலும், அதற்கடுத்தது 2003இல் வேல்ஸிலும்தான் தெரிய வந்தன.

இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்ற விதிக்கு விலக்குகளும் உண்டு. தெற்காசியாவின் மரவாழ் பெருஞ்சிலந்திகளான பொய்சிலோதீரியா பேரினத்தில், கால்களின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளின் அமைப்பே சிற்றினங்களைப் பிரித்தறிய முதன்மையாக உதவுகிறது. முதுகுப்புறப் படங்கள் எத்தனை இருந்தாலும் முதற்காலின் அடிப்பக்கமும் நான்காம் காலின் அடிப்பக்கமும் தெரியும் ஒரு படத்துக்கு ஈடாகாது. ஆகவே உங்கள் சிலந்தி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்தக் குடும்பத்தில் பணியாற்றும் வகைப்பாட்டியலாளர் ஒருவருக்கு எழுதுங்கள். படங்களைச் சுருக்காமல், இடம், நாள், உடல் நீளம் ஆகியவற்றோடு அனுப்புங்கள். பெருஞ்சிலந்தியாக இருந்தால் கையால் தொடாதீர்கள். பொய்சிலோதீரியா கடித்தால் கடும் தசைப்பிடிப்பு ஏற்படும்.

கேள்வி: ஒரு சிலந்தி ஒரு நாட்டில் முன்பு பதிவாகவே இல்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலில் தொடங்குங்கள். கார்ல் கிளார்க் என்ற சுவீடன் நாட்டவர் 1757இல் வெளியிட்ட நூலிலிருந்து இன்றுவரை பெயரிடப்பட்ட ஒவ்வொரு சிற்றினமும், அதன் பழைய பெயர்களும், அது வாழும் நாடுகளும் அதில் உள்ளன. 2022ஆம் ஆண்டில் அந்தப் பட்டியல் 50,000 சிற்றினங்களைத் தொட்டது. பதிவு செய்துகொண்டவர்கள் மூலக் கட்டுரைகளையும் இலவசமாகப் படிக்கலாம்.

ஆனால் அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. அந்தப் பட்டியல் முதன்மையாக வகைப்பாட்டுக் கட்டுரைகளையே திரட்டுகிறது. ஒரு காட்டின் சிலந்திகளைப் பெயர் பெயராக அடுக்கும் உள்ளூர் ஆய்வறிக்கைகள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், அருங்காட்சியகப் பேரேடுகள் எல்லாம் அதில் இடம்பெறுவதில்லை. சிற்றினத்தின் இன்றைய பெயரை மட்டும் தேடுவதும் போதாது. அதற்கு முன்பு வழங்கிய பெயர்கள் ஒவ்வொன்றையும் தேட வேண்டும்.

நாட்டு எல்லைகள் மாறியிருப்பதையும் மறந்துவிடலாகாது. 1900ஆம் ஆண்டில் போக்காக் என்ற விலங்கியலாளர் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசை நூல் இலங்கையையும் பர்மாவையும் சேர்த்தே பேசுகிறது. அந்தக் காலத்து மாதிரியோடு இருக்கும் சீட்டு ஒன்றில் எழுதியிருக்கும் ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் முதல் பதிவு என்ற சொல்லை எழுத வேண்டும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. அரிய உயிர் என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடித்துக் கொன்று எத்தனாலில் போட்டுவைப்பது முரணாக இல்லையா? படத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. களத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் இந்தத் தயக்கத்தோடுதான் குப்பியைத் திறக்க வேண்டும் என்பேன். இருந்தாலும், பெரும்பாலான சிலந்திகளைப் பொறுத்தவரை சான்று மாதிரி எடுப்பதையே நான் ஆதரிக்கிறேன். ஒரு பெண் சிலந்தி ஒரே முட்டைப் பையில் பல பத்துக் குஞ்சுகளை ஈனும். சில குடும்பங்களில் நூற்றுக்கணக்கில் ஈனும். முதிர்ந்த ஆணும் பெண்ணுமாக ஓரிரண்டை எடுப்பதால் ஒரு கூட்டம் அழிவதில்லை. வாழிடம் வெட்டப்படுவதும் எரிக்கப்படுவதுமே அதை அழிக்கின்றன. அந்த வாழிடத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு வாதாட வேண்டிய நாளில், அங்கே இந்தச் சிற்றினம் வாழ்கிறது என்பதற்கு மறுக்க முடியாத சான்று அந்த ஒரு குப்பிதான்.

எல்லா வேளைகளிலும் கொல்ல வேண்டியதில்லை என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். பெருஞ்சிலந்திகள் இந்த வகையில் நமக்கு உதவுகின்றன. பெண் பெருஞ்சிலந்தி முதிர்ந்த பின்னும் ஆண்டுதோறும் தோலுரிக்கும். உரித்த தோலில் விந்துப் பையின் உட்சுவர் அப்படியே ஒட்டியிருக்கும். அந்தத் தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விரித்தால், உயிருள்ள சிலந்தியைத் தொடாமலே அது ஆணா பெண்ணா என்பதையும் உறுப்பின் வடிவத்தையும் பார்த்துவிடலாம். மரபணு ஆய்வுக்கு ஒற்றைக் கால் போதும். ஆபத்தில் தானே காலைக் கழற்றிவிடும் இயல்பு சிலந்திகளுக்கு உண்டு. இன்னும் தோலுரிக்க வேண்டியிருக்கும் சிலந்திக்கு அந்தக் கால் மறுபடி வளரும். அந்தக் காலிலிருந்து சிஓஐ எனப்படும் மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்து ஒப்பிடலாம். ஒப்பிட வேண்டிய சிற்றினத்தின் நம்பகமான வரிசை முன்பே தரவுத்தளத்தில் இருந்தால்தான் இது பயன்படும். தவறான பெயரில் ஏற்றப்பட்ட வரிசைகளும் அங்கே உண்டு. உலகளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் சிற்றினமானால் தோலும் காலும் நல்ல படங்களும் ஆராயப்பட்ட பிறகே அடுத்ததை எண்ண வேண்டும்.

உயிரை எடுத்துவிட்டு அதை வீணாக்குவதுதான் மன்னிக்க முடியாதது. சீட்டு இல்லாத மாதிரியால் யாருக்கும் பயனில்லை. நாடு, மாவட்டம், இடம், அகலாங்கு, நெட்டாங்கு, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், பிடித்தவர் பெயர், எந்த மரம் அல்லது எந்தப் புல்வெளி என்ற விவரம் ஆகிய அனைத்தையும் எழுதிய சீட்டு, குப்பியின் வெளியே ஒட்டப்படாமல் உள்ளே எத்தனாலிலேயே கிடக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை சில நாட்களில் கரைந்து, வெற்றுத்தாள் மட்டும் மிஞ்சும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது நல்ல பழக்கம். 5-6 என்று எழுதினால் மே மாதமா ஜூன் மாதமா என்று பின்னால் வருபவர் திண்டாடுவார். உடலமைப்பை ஆராய 70 முதல் 75 விழுக்காடு எத்தனால் ஏற்றது. மரபணு ஆய்வுக்கென எடுத்துவைக்கும் காலை 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில், குளிரில் வைக்க வேண்டும்.

கேள்வி: இராமேசுவரத்துக்கே உரியது என்று சொல்லப்பட்ட பெருஞ்சிலந்தி இலங்கையிலும் இருப்பதாகப் படித்தேன். கடலைத் தாண்டி அது எப்படிப் போயிருக்கும்?

பதில்: பொய்சிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா என்ற அந்தச் சிற்றினம் 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவரால் இராமேசுவரத்திலிருந்து விவரிக்கப்பட்டது, அங்குள்ள ஒரு கோயிலின் பெயரே அதற்கு இடப்பட்டது. 2008இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்தது. 2015இல் இலங்கை ஆய்வாளர்கள், மன்னார் மாவட்டத்தில் அது வாழ்வதைப் பதிவு செய்து கட்டுரை வெளியிட்டார்கள்.

ஒரு புதிய நாட்டுப் பதிவு கிடைத்தவுடன் எழ வேண்டிய முதல் கேள்வியையே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: அது தொன்றுதொட்டு அங்கே இருந்ததா, அண்மையில் வந்து சேர்ந்ததா? சிலந்திகள் கடல் கடப்பதற்கு மூன்று வழிகளை எண்ணலாம். முதலாவது காற்று. குஞ்சுகளும் உடல் சிறிய சிலந்திகளும் உயரமான இடத்தில் நின்று, வயிற்றை உயர்த்தி, நூலைக் காற்றில் விட்டு, அந்த நூலோடு மிதந்து செல்லும். 1832இல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 60 மைல் தொலைவில் சென்றுகொண்டிருந்த பீகிள் கப்பலின் கயிறுகளில் இப்படி வந்திறங்கிய ஏராளமான சிறு சிலந்திகளை டார்வின் கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் பொய்சிலோதீரியா போன்ற பெருஞ்சிலந்திகள் நூலேறிக் காற்றில் செல்பவை அல்ல. இரண்டாவது மனிதரின் சரக்கு. கிழக்காசியாவைச் சேர்ந்த டிரைக்கோநெஃபிலா கிளவாட்டா என்ற பெரிய வலைச் சிலந்தி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் முதன்முதலாகப் பதிவானது அண்மையில்தான்; அதைப் பற்றிய கட்டுரை 2015இல் வந்தது. சரக்குப் பெட்டகங்களோடு அது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது, பின்னர் அண்டை மாநிலங்களிலும் அது பரவிவிட்டது.

மூன்றாவது வழியில் சிலந்தி கடலைக் கடக்கவே இல்லை. கடல்தான் இடையில் புகுந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 30 கிலோமீட்டர், கடலின் ஆழமோ சில மீட்டர்தான். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. மரப்பொந்துகளிலும் பட்டை இடுக்குகளிலும் வாழும் ஒரு சிலந்தி அந்த நிலத்தில் மரத்துக்கு மரம் பரவியிருக்க முடியும். பொய்சிலோதீரியா பேரினம் முழுவதுமே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, மன்னாரில் வாழ்வது அந்தப் பழைய கூட்டத்தின் ஒரு பகுதியே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரு கரைகளிலும் உள்ள சிலந்திகளின் மரபணுக்களை ஒப்பிடுவது இதைச் சோதிக்கும் வழி. பல்லாயிரம் ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த கூட்டங்களுக்கிடையே வேறுபாடுகள் சேர்ந்திருக்கும். ஒரு சரக்கோடு வந்த ஒற்றைத் தாயின் வழித்தோன்றல்களிடம் அப்படி இருக்காது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. தொன்மையான குடி என்றால் அதைப் பாதுகாக்கும் கடமை இரு நாடுகளுக்கும் உண்டு; அண்மையில் வந்தது என்றால், உள்ளூர்ச் சிலந்திகளின் இடத்தை அது பறிக்கிறதா என்று கண்காணிக்க வேண்டும்.

கேள்வி: நான் அறிவியல் படித்தவன் அல்ல. நான் கண்ட சிலந்தி புதிய பதிவு என்று உறுதியானால் அதை எங்கே வெளியிடுவது? அனுமதி ஏதும் வேண்டுமா?

பதில்: பரவல் பதிவுகளுக்கென்றே செக் லிஸ்ட் போன்ற ஆய்விதழ்கள் உள்ளன, தெற்காசியப் பதிவுகளைக் கோயம்புத்தூரிலிருந்து வெளியாகும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா தொடர்ந்து வெளியிடுகிறது. பட்டம் இல்லை என்பது தடை அல்ல. சிலந்தியை இனங்கண்ட வகைப்பாட்டியலாளரோடு சேர்ந்து எழுதுவதே நடைமுறை. யார் எதைச் செய்தார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மாதிரி பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைக்கப்பட்டு, அதன் பதிவெண் கட்டுரையில் அச்சாக வேண்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் குப்பி சான்றாகாது.

சிலந்தியைப் பிடிக்கும் முன்பே அனுமதி பெற வேண்டும், பிடித்த பிறகு அன்று. காப்புக்காடுகளில் எந்த நாட்டிலும் இது கட்டாயம். மரபணு வளங்களின் பயன்பாடு குறித்து 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறைக்குப் பிறகு, மாதிரியை வேறு நாட்டு நிபுணருக்கு அனுப்புவதற்கும் பல நாடுகளில் ஒப்புதல் தேவைப்படுகிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பொய்சிலோதீரியா முழுவதும் 2019இல் சேர்க்கப்பட்டுவிட்டதால், மாதிரியை எல்லை தாண்டி அனுப்பப் பொதுவாக அதற்கான சான்றிதழும் வேண்டும்.

கேள்வி: கண்ட இடத்தைத் துல்லியமாக வெளியிட வேண்டும் என்கிறீர்கள். கடத்துபவர்களுக்கு அது வழிகாட்டி ஆகிவிடாதா?

பதில்: ஆகக்கூடும். ஆந்திரத்தின் நீலப் பெருஞ்சிலந்தியான பொய்சிலோதீரியா மெட்டாலிகா 1899இல் விவரிக்கப்பட்டு, நூறாண்டுக்கும் மேல் கண்ணில் படாமல் இருந்து, 2001இல் மறுபடியும் கண்டறியப்பட்டது. அதன் நிறத்துக்காகவே உலகெங்கும் வளர்ப்போர் அதை நாடுகிறார்கள். அத்தகைய சிற்றினங்களுக்குத் துல்லியமான ஆயத்தொலைவுகளை அருங்காட்சியகப் பேரேட்டிலும் வனத்துறையின் கோப்பிலும் மட்டும் வைத்துவிட்டு, கட்டுரையில் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பொதுமக்கள் தாம் கண்ட உயிர்களின் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் சிற்றினங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்கிக் காட்டுகின்றன. ஆனால் அதே படத்தை இடக்குறியோடு நண்பர்கள் குழுவில் பகிர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பால் பயனில்லை. யாரும் விலைகொடுத்து வாங்காத, ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள இலைச்சருகுச் சிலந்திகளுக்கு இந்த மறைப்பு தேவையில்லை. அவற்றைத் துல்லியமாகவே வெளியிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பெண் சிலந்திதான் கிடைத்தது. அதை வைத்து அந்தச் சிற்றினம் இந்த நாட்டில் வாழ்கிறது என்று சொல்ல முடியுமா?

பதில்: இந்த நாட்டில் கண்டெடுக்கப்பட்டது என்று சொல்லலாம். வாழ்கிறது என்று சொல்ல இன்னும் சான்று வேண்டும். துறைமுகத்துக்கோ நாற்றுப் பண்ணைக்கோ அருகில் கிடைத்த ஒற்றைச் சிலந்திக்கும், சாலையே இல்லாத காட்டின் நடுவில் கிடைத்த ஒற்றைச் சிலந்திக்கும் மதிப்பு வேறு. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அதே இடத்துக்குச் செல்லுங்கள். முதிர்ந்த ஆண்கள் பல சிற்றினங்களில் ஆண்டுக்குச் சில வாரங்களே நடமாடுவதால், காலம் தவறினால் இருக்கும் சிலந்தியும் இல்லாததுபோலத் தோன்றும். முட்டைப் பை, குஞ்சுகள், வெவ்வேறு வயதுடைய இளம் சிலந்திகள் ஆகியவை கண்ணில் பட்டால் அங்கே இனம் பெருகுகிறது என்று எழுதலாம். குஞ்சு மட்டும் கிடைத்தால் அதை வளர்த்து, கடைசித் தோலுரிப்பு முடிந்து ஒரு வாரமாவது ஆன பிறகு, உறுப்புகள் கடினப்பட்ட நிலையில் ஆராயுங்கள். எத்தனை மணி நேரம், எந்த முறையில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் குறிப்பேட்டில் நாளிட்டு எழுதிவையுங்கள், அடுத்து அங்கே தேடப் போகிறவருக்கு அந்தக் குறிப்பும் தேவைப்படும்.